தேர் போன தெருவில் பெட்டி போன கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மன்னிப்புக் கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. ராயபுரத்தில் ஒரு பகல் முழுக்க எங்கள் பக்கத்தில் கரண்ட் இல்லாமல் போனதற்கும், ஹார்பர் கேட் வரைக்கும் லாரிகள் அசையாமல் நின்றதற்கும், ஒரு பெரிய அதிகாரியின் தலையில் நெத்திலிக் கருவாடு கொட்டியதற்கும் நான்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். கருவாட்டுக்கு மட்டும் நான் பொறுப்பேற்க மாட்டேன். அது அம்மா காயப்போட்டது.

எழுபதுகளின் நடுவில் நடந்த விஷயம். கான்வென்ட் படிப்பு முடித்து, டைப்பிலும் சுருக்கெழுத்திலும் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன். இந்த மூன்றும் சேர்ந்ததில், உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற எண்ணம் எனக்கு வந்திருந்தது. (அது இன்னும் முழுசாகப் போகவில்லை என்பார் என் வீட்டுக்காரர். அவர் பேச்சை விடுங்கள்.) எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் மூலமாக ஒரு தற்காலிக ஸ்டெனோ வேலை கிடைத்தது. அலுவலகத்தின் பெயர் 'பல்வகைப் போக்குவரத்து ஒருங்கிணைப்புத் திட்டக் குழு'. பெயரை எழுதிய பெயின்டருக்குப் பலகையில் இடம் போதவில்லை. 'குழு' என்பதை மட்டும் கீழே தனியாக எழுதி வைத்திருந்தார்.

அப்போதுதான் கன்டெய்னர் என்கிற இரும்புப் பெட்டிகள் நம் ஊருக்கு ஒன்றிரண்டாக வர ஆரம்பித்திருந்தன. அதுவரைக்கும் கப்பல் சரக்கு மூட்டை மூட்டையாக இறங்கும், லாரியில் ஏறும், மறுபடி இறங்கும், ரயிலில் ஏறும். ஒவ்வொரு தடவையும் ஆள் தூக்கவேண்டும். பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பெட்டியைத் திறக்காமலே கப்பலிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து ரயிலுக்கு என்று அப்படியே மாற்றிவிடலாம். மற்ற நாட்டு அரசாங்கங்களெல்லாம் இதற்குத் திட்டம் போட்டுவிட்டன, நாமும் போடவேண்டும் என்பதற்காக ஏற்பட்டதுதான் எங்கள் குழு.

குழுவில் இருந்த அதிகாரிகள் ஒவ்வொருவரும் ஒரு நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்கள். யார் எந்த நாட்டுக்குப் போனாரோ அந்த நாட்டுத் திட்டம்தான் உசத்தி என்பது அவருடைய கட்சி. அமெரிக்கா போனவர், "கவர்மென்ட் ரோடு போட்டுக் குடுத்துட்டு ஒதுங்கிக்கணும், மத்ததை கம்பெனிக்காரன் பார்த்துப்பான்" என்பார். ஜெர்மனி போனவர், "ரோடே கூடாது, எல்லாத்தையும் ரயில்ல ஏத்து" என்பார். இந்த இரண்டு பேரும் மோதிக்கொண்டால் டீ ஆறிப்போகும். இவர்கள் பேசியதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுத்து, நாடு நாடாகப் பிரித்து டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. காலையில் அமெரிக்காவை அடித்து முடித்தால் மத்தியானம் ஜெர்மனி வந்து அடித்ததை அடிக்கச் சொல்லும்.

எங்கள் செயலாளர் ஜப்பான் போனவர். ஆபீஸில் எல்லாருக்கும் அவர் ஜப்பான் சார்தான். அங்கே இருந்தது என்னவோ சொற்ப நாள். ஆனால் திரும்பி வந்ததிலிருந்து டீயில் பால் விட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டார். "ஜப்பான்ல துறைமுகம், ரோடு, ரயில்வே மூணு பேரையும் ஒரே மேஜையில உட்கார வெச்சுதான் திட்டம் போடுவான். திட்டம் போட்டாச்சுன்னா குறுக்கே எது நின்னாலும் தூக்கிடுவான்" என்பார். கேட்கும்போதெல்லாம் அடடா, எவ்வளவு அருமையான நாடு என்று நினைத்துக்கொள்வேன். குறுக்கே நிற்பது என் வீடாக இருக்கும் என்று எனக்கென்ன கனவா வந்தது?

ஒருநாள் காலையில் டிக்டேஷன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஜப்பான் சார் சொல்லிக்கொண்டு போனார். துறைமுக வாயிலுக்கும் சரக்கு ரயில் யார்டுக்கும் நடுவே லாரிக்கு ஒரு நேர்வழி தேவை, அதற்கு மாதா கோயில் தெருதான் வசதி, தெரு போதிய அகலம் இல்லாததால் கிழக்கு வரிசை வீடுகள் அனைத்தும் அகற்றப்பட்டு...

என் பென்சில் நின்றுவிட்டது. அந்தக் கிழக்கு வரிசையில்தான் எங்கள் வீடு. குகை மாதிரி கட்டி மாதா சிலை வைத்திருக்கிற கெபிக்கு எதிரே, தெரு வளையும் இடத்தில். நைனா ஹார்பரில் மூட்டை தூக்கித் தூக்கிக் கட்டிய வீடு. அவர் போன பிறகு அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் அதை விட்டால் வேறு நாதியில்லை. அதை இடிக்கச் சொல்வதை நானே எழுதி, நானே கார்பன் வைத்து டைப் அடிக்கவேண்டும்!

"சார், அது எங்க தெரு" என்றேன்.

"அப்படியா? நல்ல ஏரியா" என்றார் ஜப்பான் சார். "எங்க விட்டேன்? அகற்றப்பட்டு. கமா போட்டுக்கோ."

கமா போட்டேன். பென்சில் முனை உடைந்தது.

அந்த வாரமே குழு கூடியது. ஹாலந்திலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். நெட்டையான மனிதர், வெயிலில் மூக்கு மட்டும் தனியாகச் சிவந்திருந்தது. (பிறகு எங்கள் தெரு அவருக்கு ஹாலந்து துரை என்று பெயர் வைத்தது. நானும் அப்படியே சொல்கிறேன்.) அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, வீடுகளை இடிக்காமல் முடியாதா, தெரு அவ்வளவு குறுகலா என்று கேட்டார். ஜப்பான் சார் சிரித்துக்கொண்டே, அந்தத் தெருவில் சைக்கிள் போவதே கஷ்டம் என்றார்.

சைக்கிளா! எங்கள் தெருவிலா! மூலையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிட்டேன். ஸ்டெனோ அந்த அறையில் எழுதலாம், இருமலாம், பேசக்கூடாது. நான் பேசினேன். எனக்குத் தெரிந்த கான்வென்ட் இங்கிலீஷ் முழுவதையும் எடுத்துவிட்டேன். "ஐயா, அந்தத் தெருவில் வருஷா வருஷம் எங்கள் மாதா தேர் போகிறது. உங்கள் பெட்டியை லாரியில் ஏற்றி நிறுத்தினாலும் தேர் அதைவிட உயரம், அகலமும் குறைவில்லை. தேர் போகிற தெருவில் பெட்டி போகாதா?"

அதிகாரிகள் எல்லாரும் ஜப்பான் சாரைப் பார்த்தார்கள். ஹாலந்து துரை மட்டும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, தேர் என்றால் என்ன என்று கேட்டார். கையை விரித்தும் தூக்கியும் காட்டினேன். நிஜமாகவே அவ்வளவு உயரமா என்று கேட்டார். 'ரோஸி, போதும், உட்காரு' என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. நான் எந்தக் காலத்தில் யார் சொல்லிக் கேட்டேன்?

"பெட்டி எங்கள் தெருவில் தாராளமாகப் போகும். போகவில்லையென்றால் முதலில் எங்கள் வீட்டை இடித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

துரை வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். பிறகு ஜப்பான் சாரிடம், ஒரு காலிப் பெட்டியை ஏற்பாடு பண்ணுங்கள், ஓட்டிப் பார்த்துவிடுவோம், போய்விட்டால் வீடுகளைத் தொடவேண்டாம் என்றார். ஜப்பான் சார் என்னைப் பார்த்த பார்வையில் என் தற்காலிகம் இன்னும் தற்காலிகமானது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த மீன் அப்படியே நின்றது.

"இன்னாடி சொல்லிட்டு வந்துக்கிறே? வூட்டை இட்சிக்கோன்னு நீயே சொன்னியா? உங்க நைனா உசிரோட இருந்தா இந்நேரம் உன் முதுகுத் தோல் உரிஞ்சிருக்கும்!"

"ஏம்மா கத்தறே? தேர் போவுது இல்ல?"

"போவுது."

"அப்ப பெட்டி போவாதா?"

அம்மா யோசித்தாள். "அதானே? தேரே போவுது" என்றாள். மீன் ஆய்வது மறுபடி தொடங்கியது.

விஷயம் அன்றைக்கே தெரு முழுக்கப் பரவியது. ஒருத்தர்கூட என்னைத் திட்டவில்லை. சைக்கிள் போவதே கஷ்டம் என்று ஓர் ஆபீஸர் சொன்னான் என்றதும் எல்லாருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என் அண்ணன் செபாஸ்டினுக்கு ஹார்பரில் வேலை. தேர்த் திருநாளில் தேருக்கு முன்னால் போகிற கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "தேர் போற தெருமே இது! பெட்டி இன்னா, கப்பலையே இஸ்துகினு வரச் சொல்லு, போவும்!" என்றான். டிரெய்லர் ஓட்டப்போகிற காதர் பாய் தண்டையார்பேட்டைக்காரர். அவரும் ஒருநாள் வந்து தெருவைப் பார்த்தார். பார்த்தார் என்று சொல்வதைவிட, டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்தார் என்பதுதான் சரி. "சின்னப் புள்ளைலேர்ந்து இந்தத் தேரைப் பார்த்துகினு கீறேன். அது போற ரோட்ல நம்ம வண்டி போவாதா? நீ தெகிரியமா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனை பேர் பேசினார்கள். முக்கியமான ஒரு விஷயத்தை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

ஓட்டிப் பார்க்கிற நாள் வந்தது. தெருவே கல்யாணத்துக்குக் கிளம்பினது மாதிரி வாசலில் நின்றது. நான் இருந்த ஒரே நைலக்ஸ் புடவையைக் கட்டிக்கொண்டு, டிரெய்லருக்கு முன்னால் நான்தான் வழிகாட்டி என்பதுபோல நடந்தேன். பின்னால் காதர் பாயின் டிரெய்லர், அதன்மேல் நீலப் பெட்டி. ஒரு பக்கம் ஜப்பான் சார் கூலிங் கிளாஸுடன். இன்னொரு பக்கம் ஹாலந்து துரை தொப்பியும் கேமராவுமாக. தெருவுக்குள் கொஞ்ச தூரம் சுலபமாகத்தான் வந்தது. நான் திரும்பி ஜப்பான் சாரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தேன். அந்தச் சிரிப்பைச் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

அடுத்த நிமிஷம் பெட்டியின் விளிம்பு எங்கள் வாசல் பந்தலில் மாட்டியது. மேலே கீற்றின்மேல் அம்மா நெத்திலி காயப்போட்டிருந்தாள். பந்தல் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் சரிய, அத்தனை நெத்திலியும் கீழே நடந்துகொண்டிருந்த ஜப்பான் சார் மேல் பொலபொலவென்று கொட்டியது. தலை, காலர், சட்டைப் பை, ஒன்றும் பாக்கியில்லை. "ஐயோ, எந் நெத்திலி!" என்று அம்மா ஓடிவந்தாள். அவளைவிட வேகமாக ஒரு பூனை ஓடிவந்தது. அன்று சாயங்காலம் வரை அந்தப் பூனை ஜப்பான் சாரை விட்டுப் பிரியவில்லை.

தேர்த் திருநாளுக்கு முந்தின நாளே தெருவில் எல்லாப் பந்தலும் இறங்கிவிடும், தண்ணி டிரம்மெல்லாம் உள்ளே போய்விடும், ஆடெல்லாம் கொல்லைக்குப் போய்விடும் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சரி, பந்தல்தானே என்று கையை ஆட்டி, "வாங்க பாய், வாங்க" என்றேன். பாய் வந்தார். பெட்டி கெபிக்கு எதிரே தெரு வளையும் இடத்துக்குள் நுழைந்தது. பட் பட் படாரென்று ஒரு சத்தம். மேலே நெருப்புப் பொறி. டீக்கடை ரேடியோ பாதிப் பாட்டில் செத்தது. காதர் பாய் கேபினிலிருந்து குதித்த வேகத்தில் அவருடைய ஒரு செருப்பு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. நல்ல வேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அண்ணாந்து பார்த்தேன். தெருவின் குறுக்கே இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு, அந்த வீட்டிலிருந்து கம்பத்துக்கு என்று கரண்ட் கம்பிகள். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அவை என் கண்ணில் பட்டதே கிடையாது. தேர் வரும்போது மாதா முகத்தைப் பார்ப்போமா, கம்பியைப் பார்ப்போமா?

"அண்ணா, தேர் எப்பிடி இதுக்கு அடியில பூந்து போவுது?" என்று செபாஸ்டினைக் கேட்டேன்.

"பூந்து போவுதா? நாங்கதான் கவட்டைக் கம்பு வெச்சுக் கம்பியைத் தூக்கிக்கினே போவோமே. மொத நாளே எலக்ட்ரிக் ஆபீஸ்ல சொல்லி லைனை நிறுத்திடுவாங்க. நீ பார்த்தது இல்ல?"

"அடப்பாவி! இதை எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீ பெட்டி வருதுன்னுதானே சொன்னே? கம்பு தேருக்குத்தானே தூக்குவோம். பெட்டிக்கு எவன் தூக்குவான்?" என்றான். வேண்டுமென்று சொல்லவில்லை, அவனுக்கு நிஜமாகவே அது தோன்றவில்லை. தெருவில் ஒருத்தருக்குமே தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து தேரும் கம்பும் ஒன்றாகவே வந்துகொண்டிருந்ததால், கம்பு இல்லாமல் தேர் போகிறது என்றே நாங்கள் அத்தனை பேரும் நம்பியிருந்தோம்.

பின்னால் எடுத்துவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. வேடிக்கை பார்க்க வந்த ரிக்‌ஷா, கைவண்டி, மீன்பாடி வண்டி எல்லாம் டிரெய்லருக்குப் பின்னால் அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஹார்பரிலிருந்து வந்த லாரிகள், ஏதோ புது ரோடு திறந்துவிட்டார்கள் என்று நினைத்து வரிசையாக உள்ளே நுழைந்திருந்தன. பெட்டி முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது.

ஜப்பான் சாருக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. "எல்லாம் உன்னால! திமிர் பிடிச்ச பொண்ணு! ஸ்டெனோன்னா ஸ்டெனோ வேலையைப் பார்க்கணும். வீட்டையே பந்தயம் வெச்சியே, போச்சா? நாளைக்கே ஆளை அனுப்பறேன், மொத்தமா இடிச்சுத் தள்றேன் பாரு!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கத்தும்போது காலரிலிருந்து ஒரு நெத்திலி விழுந்தது.

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "இன்னா சார், ரொம்ப சவுண்டு வுட்றே? எம் பொண்ணு இன்னா பொய்யா சொன்னா? தேர் போவுது, ஊரே பார்க்குது. உம் பெட்டிக்குத் தேர் மாதிரி போவத் தெரில. அதுக்கு இவ இன்னா பண்ணுவா? மொதல்ல எந் நெத்திலிக்குப் பதில் சொல்லு!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நைனா வீடு போச்சே, என் வாயாலேயே போச்சே என்று நினைத்தேன். ஆனால் அந்த மனுஷனுக்கு முன்னால் அழுவதற்கு என் உடம்பில் இடமில்லை. கோபம் வந்தால் என்னுடைய கான்வென்ட் கழன்று விழுந்துவிடும். விழுந்தது.

"இன்னும் போவ்ல சார். போவாதுன்னு யார் சொன்னது? இரு, போவும்" என்றேன். அண்ணன் பக்கம் திரும்பி, "தேருக்கு இன்னா செய்வீங்களோ அத்தையே செய்யுங்க. கம்பு எங்கே?" என்றேன்.

கம்பெல்லாம் கோயிலில் பூட்டியிருந்தது. ஃபாதரிடம் ஓடினோம். அவர் அங்கியோடு வாசலுக்கு வந்து, தெருவையும் பெட்டியையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "மாதாவுக்குன்னு வெச்ச கம்பும்மா. கவர்மென்ட் பெட்டிக்கு எப்படித் தர்றது?"

"ஃபாதர், பெட்டி போகலைன்னா நாளைக்குத் தெரு இருக்காது. தெரு இல்லைன்னா தேர் எங்க போகும்?" என்று கேட்டேன்.

ஃபாதர் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து செபாஸ்டின் கையில் கொடுத்தார். "உடைக்காமக் கொண்டாந்து வைங்கடா" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். எலக்ட்ரிக் ஆபீஸிலிருந்து ஆள் வந்து லைனை முறையாக நிறுத்திவிட்டுச் சரி என்றார். (நிறுத்துகிற வேலையில் பாதியைப் பெட்டியே முடித்திருந்தது.) பந்தல்கள் மளமளவென்று இறங்கின. டிரம், கட்டில், ஆட்டுக்கல், கோழிக்கூண்டு எல்லாம் உள்ளே போயின. வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் வெளியே வரும் அந்தத் தெரு, நான் குழுவில் கையை விரித்துக் காட்டிய அகலமான தெரு, எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் வந்து நின்றது. 'இதைத்தான்யா சொன்னேன்' என்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்தினேன்.

அண்ணனும் அவன் ஆட்களும் கவட்டைக் கம்புகளால் கம்பியைத் தூக்கிப் பிடித்தார்கள். வளைவில் என்ஜினை நம்பினால் கெபியின் சுவர் போய்விடும் என்பதால் டிரெய்லருக்கு வடம் கட்டினார்கள். சக்கரத்துக்குத் தேர் முட்டுக்கட்டை வந்தது. காதர் பாய் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "பிஸ்மில்லா" என்றார். எல்லாம் தயார். ஆனால் வடம் பிடித்தவர்கள் இழுக்காமல் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னாண்ணா?" என்றேன்.

"சும்மா இஸ்தா கை வராதும்மா" என்றான் ஒருவன் வெட்கத்தோடு.

யார் முதலில் குரல் கொடுத்தது என்று தெரியாது. "மரியே!" என்று ஒரு குரல். "வாழ்க!" என்று தெரு முழுக்க. வடம் விறைத்தது, பெட்டி அசைந்தது. யாரோ ஓர் அம்மாள் பழக்க தோஷத்தில் பெட்டியின்மேல் பூவை வீசினாள். ஹாலந்து துரை கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுத் தானும் வடத்தைப் பிடித்தார். 'வாழ்க' மட்டும் அவர் வாயில் நன்றாக வந்தது. பெட்டி எங்கள் வீட்டுச் சுவரைத் தொடாமல், ஆனால் தொட்டுவிடுவேன் என்று பயமுறுத்திக்கொண்டு, வளைவைத் தாண்டிப் போயிற்று. அம்மா சுவரில் கையை வைத்தபடியே நின்றிருந்தாள். அப்போது அழுதேன். ஜப்பான் சார் பார்க்கட்டும் என்றே அழுதேன்.

யார்டு வாசலுக்குப் போய்ச்சேரும்போது வெயில் இறங்கிவிட்டது. நாங்கள் ஊர்வலமாக, கம்பும் வடமும் மரியே வாழ்கவுமாகப் போய் நின்றோம். கேட் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஓர் அலுவலர் வந்து கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன இது?"

"கன்டெய்னர்" என்றார் ஜப்பான் சார்.

"எதுக்கு?"

"ரயில்ல ஏத்தணும்."

"யார் சொன்னா? எங்களுக்கு ஒரு தகவலும் இல்லையே சார். இதைத் தூக்க இங்க கிரேனும் கிடையாது, வைக்கத் தோதான வேகனும் கிடையாது. நீங்க வேற இலாகா. எங்க மேலிடத்துல பேசிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பூட்டு அப்படியே தொங்கியது.

தெரு முழுவதும் ஜப்பான் சாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் காலடியில் பூனை உட்கார்ந்திருந்தது. ஹாலந்து துரை மெதுவாக, ரயில்வேக்குச் சொல்லவே இல்லையா என்று கேட்டார். ஜப்பான் சார் கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்தார். வீட்டை இடிக்கச் சொல்லி டிக்டேஷன் கொடுத்த மனுஷர், அந்த வழி போய் முடிகிற இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை! எங்கள் தெருவைத் தாண்டிய பெட்டியால் ஓர் இலாகாவைத் தாண்டமுடியவில்லை.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் வேலை பிழைத்திருக்கும் என்று இன்றும் சொல்கிறார்கள். நான் மூடவில்லை.

"ஜப்பான்ல எல்லாரையும் ஒரே மேஜையில உட்கார வெப்பாங்கன்னு சொன்னீங்களே சார், அந்த மேஜை எங்கே?" என்று கேட்டேன்.

முதலில் சிரித்தது காதர் பாய்.

அடுத்த கூட்டத்தில் ஹாலந்து துரை தன் முடிவைச் சொன்னார். மூலையில் உட்கார்ந்து அதையும் நான்தான் எழுதினேன். அந்தத் தெருவில் பெட்டி போகும், ஆனால் ஊரே வேலையை விட்டுவிட்டு வந்து இழுத்தால்தான் போகும், அதைத் தினமும் எதிர்பார்க்க முடியாது என்றார். வீடுகளை இடித்தாலும் பெட்டி போய் நிற்கப்போவது பூட்டின கேட்டுக்கு முன்னால்தான். தண்டவாளத்தைத் துறைமுகத்துக்குள்ளேயே கொண்டுபோங்கள், கப்பலிலிருந்து நேராக ரயிலில் ஏற்றுங்கள், ஜனங்கள் குடியிருக்கிற தெருவுக்குள் விடாதீர்கள் என்றார். ஜெர்மனி போனவர் மேஜையைத் தட்டி, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். வரைபடத்தில் எங்கள் தெருமேல் போட்டிருந்த சிவப்புக் கோட்டை அழித்தார்கள். அழித்த இடத்தில் காகிதம் கிழிந்துவிட்டது.

தற்காலிகம் முடிந்ததும் என்னை நீட்டிக்கவில்லை. பணி தேவைப்படவில்லை என்று காரணம் சொன்னார்கள். மேஜைதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். போகட்டும் என்று ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் சேர்ந்து, ரிட்டயர் ஆகும்வரை பெட்டிகளை ஏற்றி இறக்குகிற வேலையையே பார்த்தேன். இப்போது திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த மேஜையை இன்னும் யாரும் வாங்கிப் போடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டில் மட்டும் இந்த விவகாரம் தீரவே இல்லை. பெட்டி நடுத்தெருவில் மாட்டி ஊரை நாறடித்ததால்தான் வீடு பிழைத்தது, ஆகவே நான் தோற்றேன் என்பது அண்ணன் கட்சி. போகும் என்றேன், போயிற்று, ஆகவே ஜெயித்தேன் என்பது என் கட்சி. வீட்டுக்குள் பீரோ வந்தால், "கம்பு கொண்டா!" என்பார்கள். ஃப்ரிட்ஜ் வந்தாலும் அதேதான். என் கல்யாணத்தன்று கொஞ்சம் பருமனான என் மாப்பிள்ளை கோயில் வாசலில் காரிலிருந்து இறங்கியபோது, "மரியே வாழ்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. செபாஸ்டின் அண்ணன்தான். வேறு யார்?

போன திருநாளிலும் தேர் வழக்கம்போல எங்கள் வளைவில் நின்றது. அண்ணனுக்கு இப்போது முழங்கால் வலி. எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அதட்டுவதோடு சரி. கம்பு அவன் மகன் கையில். அவன் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "அத்தே, ஒதுங்கு! பெட்டி வருது!" என்று கத்தினான். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. வாசலில் சாய்ந்துகொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, படியில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்கள்.

"சிரிங்கடா, நல்லா சிரிங்க!" என்றேன். "சாஞ்சிகினு சிரிக்கறதுக்குச் செவுரு கீது இல்ல?"